படிக அமைப்பு ஒன்றானால் இரண்டு கற்களும் கலந்துவிடுமா?

குருந்தமும் (மாணிக்கம், நீலக்கல் இரண்டும் இந்தக் கனிமம்தான்) ஹெமடைட்டும் (இரும்பு ஆக்சைடு கனிமம்) ஒரே படிக அமைப்பு, ஆகவே உருக்கிச் சேர்த்தால் ஒன்றின் கடினமும் மற்றதன் உலோகப் பளபளப்பும் ஒரே கல்லில் வந்துவிடும் என்ற பேச்சை எத்தனை முறைதான் கேட்பது! கற்பனையாக இருந்தவரை பரவாயில்லை. இப்போது ‘கலப்புப் படிகம்’ என்று பெயர் சூட்டிச் சான்றிதழும் கேட்கிறார்கள்.

அமைப்பு ஒன்று என்றால் அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை ஒன்று. அளவும் ஒன்றாகிவிடாது. குருந்தத்தின் அலகுக்கூடு, அதாவது அடுக்கில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டம், அகலத்தில் 4.76 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), ஹெமடைட்டுக்கு 5.04. கிட்டத்தட்ட 6 சதவீதம் இடிக்கிறது. தாய்லாந்தின் கருநட்சத்திர நீலக்கல்லைப் பாருங்கள்: சூட்டில் குருந்தத்துக்குள் புகுந்த இரும்பு, ஆறும்போது ஹெமடைட் வகைத் தகடுகளாகப் பிரிந்துவிட்டது. கல்லின் மேல் ஒளி நட்சத்திரமாகத் தெரிவதே அந்தப் பிரிவால்தான்.

உருக்கினால் இன்னும் மோசம். குருந்தம் உருக ஏறக்குறைய 2050 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஹெமடைட்டோ காற்றில் 1400 டிகிரியை ஒட்டியே ஆக்சிஜனை இழந்து மேக்னடைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடு ஆகிவிடும். அதன் படிக அமைப்பே வேறு, ஸ்பைனல் அமைப்பு. ‘ஒரே அமைப்பு’ என்ற வாதம் உலைக்குள்ளேயே முடிந்தது.

கலப்பவை உண்டு. பைரோப், ஆல்மண்டைன் என்ற இருவகைக் கார்னெட் கற்களின் கூடு 11.46, 11.53 ஆங்ஸ்ட்ராம், கலந்து ரோடோலைட் என்ற கார்னெட் ஆகின்றன. ஆனால் கிடைப்பது இடைப்பட்ட குணம். நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்க வழியில்லை.

மேலே படலமாக வளர்க்கலாம்தான். 1960இல் ஆஸ்திரியாவின் லெக்லைட்னர் நிறமற்ற பெரில் மீது மரகதப் படலம் வளர்த்தார். மரகதமும் பெரில் கனிமம்தான், ஆக பெரில் மேல் பெரில். அப்போதும் படலத்தில் வலைபோல நுண்விரிசல். மறுமெருகு போட்டால் பச்சையே தேய்ந்துவிடும்.

கலப்பு என்று விற்பவை பெரும்பாலும் ஒட்டுக்கற்கள், அதாவது துண்டுகளைப் பசையால் ஒட்டியவை. நீரில் அமிழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். நிறம் ஒரு கோட்டில் வெட்டுப்பட்டு, 10 மடங்கு லென்ஸில் அந்தக் கோட்டோரம் தட்டைக் குமிழிகள் தெரிந்தால், ஒட்டுதான். மேல்பட்டையில் மட்டும் ஒளிவிலகல் எண் (கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) பார்த்து முடிவு சொல்லாதீர்கள். அது மேல்கல்லின் எண் மட்டுமே. பின்புறம் மூடிய நகையானால் கல்லைக் கழற்றாமல் வாயே திறக்காதீர்கள்.

ஒட்டுக்கல் உள்ள நகையைச் சூட்டில் பற்றவைத்து இணைக்கும் முன் கல்லை எடுத்துவிடுங்கள், பசை சூடு தாங்காது. சுத்தம் செய்ய அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வு) கருவியும் நீராவியும் கூடவே கூடாது. மென்தூரிகையும் சோப்பு நீரும் போதும், ஊறவைக்க வேண்டாம்.

வாங்குபவர்களே, ‘ஒட்டுக்கல்’, ‘செயற்கை’ என்று உள்ளதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், தயவுசெய்து வாங்காமல் திரும்பிவிடுங்கள்.