தெத்துப்பல்லும் சொத்தையும்: எதனால் எது வருகிறது?

"பல் நெருக்கமா இருக்கு, அதான் சொத்தை" என்று பெற்றோர் சொல்வதில் பாதிதான் உண்மை. பல் கோணலாக இருப்பதால் மட்டும் சொத்தை வராது. சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. பல்லின் மேல் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது ஆகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பற்களின் இடுக்கில் பிரஷும் நுழையாது, எச்சிலும் சரியாகப் போய்ச் சேராது. அழுக்குப் படலம் நாள்கணக்கில் அங்கேயே தங்கும். டியூஷனுக்குப் போகும் பிள்ளை ஒரு பாட்டில் கூல்டிரிங்ஸை ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தால், அந்த இடுக்கு முழு நேரமும் அமிலத்தில்தான் இருக்கும்.

அதிகம் நெருக்கியடிப்பது கீழ் முன்பற்கள். ஆனால் அங்கே சொத்தை குறைவு. நாக்கின் அடியில் எச்சில் சுரந்து வந்துகொண்டே இருப்பதுதான் காரணம். அந்த இடத்தில் காரைதான் படியும். பல் மருத்துவர்களான நாங்கள் கவலையோடு தேடிப் பார்ப்பது மேல்வரிசையை: உள்ளே தள்ளிய பக்கவாட்டு முன்பல், தெத்துப்பல்லின் பின்புறம், கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று முட்டும் இடம். அங்கே வரும் சொத்தை மேலிருந்து பார்த்தால் ஓட்டையாகத் தெரியாது. எனாமலுக்கு அடியில் சாம்பல் நிற நிழலாகத் தெரியும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிய்ந்தால் சந்தேகப்படுங்கள். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வலிக்கும்போது பெரும்பாலும் சொத்தை நரம்பை நெருங்கியிருக்கும். மேல், கீழ் கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் காட்டும் சிறிய எக்ஸ்ரே இதை முன்கூட்டியே காட்டிவிடும்.

பலருக்குத் தெரியாத மறுபக்கம் ஒன்று உண்டு: சொத்தையே நெரிசலை உண்டாக்கும். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. "விழுற பல்லுதானே" என்று சொத்தைப் பால் பல்லைச் சீக்கிரம் பிடுங்கினால், அந்த நிரந்தரப் பல் முன்னால் நகர்ந்து வந்துவிடும். 10 முதல் 12 வயதுக்குள் வர வேண்டிய பற்களுக்கு இடம் போய்விடும். மேல் கோரைப்பல் 11, 12 வயதில்தான் வருவதால் மிஞ்சுகிற இடம் போதாமல் வெளியே ஏறி நிற்கிறது. பல தெத்துப்பற்களின் கதை இதுதான். தயவுசெய்து பால் பல்லையும் அடைத்துக் காப்பாற்றுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், இடத்தைப் பிடித்து வைக்கும் கம்பி வளையம் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒட்டிய பற்களுக்குப் பல்லிடுக்கு பிரஷ் சரிப்படாது, நுழையாது, ஃபிளாஸ்தான் வழி. சுமார் 45 செ.மீ. நூலை நடுவிரல்களில் சுற்றி, அறுப்பதுபோல் அசைத்து மெல்ல இறக்குங்கள். படாரென்று அழுத்தினால் ஈறு வெட்டும். ஒரு பல்லை அணைத்தபடி வளைத்து மேலும் கீழும் தேய்த்து, அதே இடுக்கில் அடுத்த பல்லையும் தேய்க்க வேண்டும். உள்ளே தள்ளிய பல்லின் பின்புறத்துக்கு ஒற்றைக் குஞ்சம் கொண்ட சின்ன பிரஷ் கிடைக்கிறது. அட்டையில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். அளவிலாவது இருக்கிறதா என்று பார்த்து பேஸ்ட் வாங்குங்கள்; பல மூலிகை பேஸ்ட்களில் அது இருப்பதில்லை. இரவில் தேய்த்தபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடு கழுவிப் போய்விடும்.

கிளிப் போடுவதாக இருந்தால் முதலில் சொத்தைகளை அடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். சரியாகத் துலக்காத வாயில், கிளிப் ஒட்டிய ஒரு மாதத்திலேயே அதைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டு தோன்றக்கூடும். அதுதான் சொத்தையின் தொடக்கம். ஓட்டை விழாதவரை ஃபுளோரைடு வார்னிஷ் பூசி அதை நிறுத்த முடியும்.