பாட்டி மடி பத்திரம்தான், ஓடுகிற காரில் அல்ல

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில், காரில் குழந்தை எங்கே இருக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: அம்மாயி மடியில். கோவையில் குழந்தை மருத்துவராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன பதில், ஆனாலும் கேட்கும்போதெல்லாம் பதறுகிறது. குழந்தைக்கென்றே காரில் கட்டும் தனி சீட்டை (கார் சீட்) வாங்கச் சொன்னால், "ஏனுங்க டாக்டர், என்ற மடியில இருக்கறதவிட அந்தப் பிளாஸ்டிக் சீட்லயா பத்திரமா இருக்கப்போவுது?" என்பார்கள். அவர்கள் பாசத்தில் துளியும் குறையில்லை. கைக்குத்தான் அவ்வளவு பலம் கிடையாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், கண் இமைக்கும் நேரத்துக்குள் 10 கிலோ குழந்தை பல நூறு கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் பாயும், அதை எந்தக் கையும் பிடித்து நிறுத்த முடியாது. தன் சீட் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் அம்மாக்கள் உண்டு. அது இன்னும் மோசம், பெரியவர் எடை முழுக்கக் குழந்தைமேல் அமுங்கும்.

முன் சீட் வேண்டவே வேண்டாம். 2022 முதல் இங்கே விற்கும் புதுக் கார்களில் முன்னால் உட்காரும் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். பெரியவரைக் காப்பாற்றும் அதே பை, விரியும் வேகத்திலேயே குழந்தையின் தலையைத் தாக்கி உயிரை எடுத்துவிடும்.

கார் சீட் வாங்கிவிட்ட வீடுகளில் நான் பார்க்கும் பிரச்சினை வேறு. முதல் பிறந்தநாள் வந்ததும் சீட்டை முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுகிறார்கள், குழந்தை வேடிக்கை பார்க்கட்டும், கால் மடங்குகிறதே என்று. கால் மடங்கினால் ஒன்றும் ஆகாது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான், கழுத்தெலும்போ இன்னும் பாதி குருத்தெலும்பு. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதலில் உடல் சீட்டின் வாரில் நின்றுவிடும், கனமான தலை மட்டும் முன்னால் வீசப்பட்டுக் கழுத்தை இழுக்கும். பின்பக்கம் பார்த்திருந்தால் அந்த விசையை முதுகும் தலையும் சேர்ந்து சீட்டின் மேல் பரப்பி வாங்கிக்கொள்ளும். குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பாவின் ஐ-சைஸ் விதி குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமோ, சீட்டில் குறித்திருக்கும் எடை, உயர வரம்பு வரை திருப்பவே வேண்டாம் என்று 2018-லேயே சொல்லிவிட்டது. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் வார். துண்டில் சுற்றிய குழந்தையை அப்படியே சீட்டில் வைத்து மேலே வாரைப் போடுவார்கள், இறுக்கினால் வலிக்குமே என்று தளர்த்தியும் விடுவார்கள். துண்டை எடுங்கள், வாரை மாட்டுங்கள், தோள்பட்டை எலும்புக்குமேல் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் இழுக்க வேண்டும். குளிருகிறது என்றால் வாருக்குமேல் போர்த்தலாம். காரின் பெல்ட் நுழையும் இடத்தில் குழந்தை சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள், 2.5 சென்டிமீட்டருக்குமேல் நகர்ந்தால் சரியாகக் கட்டவில்லை. பெல்ட் போட்டே கட்டும் சீட்டாக இருந்தால் கால் டாக்ஸியிலும் கட்டலாம், ஐந்து நிமிட வேலை.

குழந்தை அழுகிறதா? ஓரமாக வண்டியை நிறுத்தி எடுங்கள், ஓடும்போது கழற்றாதீர்கள். வீடு வந்ததும் அதே சீட்டில் தூங்க விடாதீர்கள், தலை முன்னால் சரிந்தால் கைக்குழந்தைக்கு மூச்சு தடைபடும்.

14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் போனால் 1000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்தார்கள். அதற்காக எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பெல்ட் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெல்ட் கழுத்தில் உரசினாலோ இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றுக்கு ஏறினாலோ பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் வேண்டும், ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை. உறுத்துகிறது என்று மேல் பட்டையை அக்குளுக்கடியில் விட்டுக்கொள்ளும் பிள்ளைகளைக் கவனியுங்கள், அப்படிப் போட்டால் மோதலில் விலா எலும்புக்கும் ஈரலுக்கும்தான் அடி விழும்.