மரக்கறிச் சாப்பாட்டில் மரக்கறி எங்கே?

"நான் முழுக்க மரக்கறிதான் டொக்டர். செவ்வாய், வெள்ளியில மச்சம் தொடுறதே இல்லை. மற்ற நாளிலயும் எப்பவாவதுதான் மீன். பிறகேன் சீனி இப்பிடி ஏறி நிக்குது?"

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் டிஸ்பென்சரி இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய அக்கா ஒருவர் எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்ட கேள்வி இது. மூன்று மாதச் சீனி அளவைச் சொல்லும் எச்பிஏ1சி அறிக்கை கையில் இருந்தது: 9.1. குளிசையெல்லாம் ஒழுங்காகத்தான் போடுகிறார். நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் பாணும் சம்பலும். மத்தியானம் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், சோயா மீற், அப்பளம், மோர்மிளகாய். பின்னேரம் தேத்தண்ணியோடு நாலு கிறீம் கிறாக்கர். இரவு புட்டும், மிச்சமிருந்த பருப்பும்.

"சரி அக்கா, இதில மரக்கறி எங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "சம்பலுக்குள்ள வெங்காயம் கிடந்தது" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் பேச்சில் மரக்கறி என்றால் காய்கறி. மச்சம் சேராத சாப்பாட்டுக்கும் அதே பெயர்தான். இந்த ஒரு சொல் என் மேசையில் எத்தனை தடவை குழப்படி செய்திருக்கிறது என்று கணக்கில்லை. "மரக்கறி நல்லாச் சாப்பிடுங்கோ" என்று நான் சொல்ல, அவர்கள் மீனையும் இறைச்சியையும் நிற்பாட்டிவிட்டு இன்னும் இரண்டு அகப்பை சோற்றைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது நான் அந்தச் சொல்லைத் தனியாக விடுவதில்லை. கீரை, பயிற்றங்காய், புடலங்காய், பீர்க்கங்காய், வெண்டிக்காய், போஞ்சி, கோவா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் சொல்கிறேன்.

எனக்கும் வாய் பேச உரிமை இல்லாத நாட்கள் உண்டு. அநேகமாக மத்தியானச் சாப்பாடு சைவக்கடைப் பார்சல்தான். ஒருநாள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், கேக் அடிக்க வைத்திருக்கும் தராசில் நிறுத்துப் பார்த்தேன். சோறு மட்டும் அரைக் கிலோவுக்குக் கிட்ட வந்தது. கோவா வறை, பீற்றூட் கறி, பொரித்த கத்தரிக்காய் மூன்றும் சேர்ந்து 110 கிராம். அதிலும் கத்தரிக்காய் குடித்திருந்த எண்ணெயைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று நினைக்கவே விருப்பமில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, மரக்கறியும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம். ஒரு பங்கு 80 கிராம் என்று பிரித்தால் ஐந்து பங்கு. சமைத்த மரக்கறியில் மேசைக்கரண்டியால் குவித்து மூன்று கரண்டி எடுத்தால் ஏறக்குறைய ஒரு பங்கு வரும். உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை எதுவும் இந்தக் கணக்கில் சேராது. அவை சோற்றின் சொந்தக்காரர்கள். பருப்பு நல்ல சாப்பாடுதான், ஆனாலும் பிரித்தானியாவில் பின்பற்றும் கணக்கில் எவ்வளவு சாப்பிட்டாலும் அது ஒரு பங்குதான். இலங்கையில் 2015ஆம் ஆண்டு நடந்த நாடளாவிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் இந்த ஐந்து பங்கை எட்டவில்லை என்று வந்தது. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்கு மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் வருகிறவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கவலைப்படத்தான் வேண்டும். சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. புகைத்தல், உப்பு, உடம்பை அசைக்காமல் இருப்பது எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது.

மரக்கறியும் பழமும் உள்ளே போய் என்ன செய்கின்றன? நார்ச்சத்து, சீனி இரத்தத்தில் கலக்கிற வேகத்தைக் குறைக்கிறது. அதில் ஒரு வகை குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஈரல் புதிதாகப் பித்தம் செய்ய இரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ரோலை எடுக்கவேண்டி வருகிறது; கெட்ட கொலஸ்ட்ரோல் கொஞ்சம் இறங்குகிறது. பொட்டாசியம், உப்பிலிருக்கும் சோடியத்தைச் சிறுநீரோடு அனுப்ப உதவுகிறது. 1997இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் என்ற ஆய்வில், உப்பையும் உடல் எடையையும் மாற்றாமல் மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் ஆகியவற்றைக் கூட்டிக் கொடுத்தார்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளி இறங்கியது. ஒரு குளிசை செய்கிற வேலைக்குக் கிட்டத்தட்டச் சமம். இதை வாசித்துவிட்டுக் குளிசையை நிற்பாட்டிவிட வேண்டாம். குறைப்பதா வேண்டாமா என்பதைப் பிரஷர் அளந்து பார்க்கும் வைத்தியர்தான் முடிவு செய்யவேண்டும்.

"இவ்வளவு கஷ்டப்படாம விற்றமின் குளிசை ஒண்டு எழுதித் தாங்கோவன்" என்று கேட்பவர்களும் வருகிறார்கள். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 1994இல் வந்தது. கரட்டில் இருக்கும் பீற்றா கரோட்டினைக் குளிசையாகக் கொடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்விக்கு நான் எழுதிக் கொடுப்பது கரட்தான்.

அடுத்தது விலை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 95 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தது. அந்த நாட்களில் என்னிடம் வந்த குடும்பங்கள் முதலில் வெட்டியது பழத்தை, பிறகு மலைநாட்டு மரக்கறியை. அது நியாயமான கணக்கு, அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பொருளாதார நெருக்கடி தணிந்த பிறகும் பல வீடுகளில் அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. கரட்டும் லீக்ஸும் விலை ஏறினால் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் கட்டுகள் இருக்கின்றன. பலாப்பிஞ்சு இருக்கிறது, வாழைப்பொத்தி இருக்கிறது. புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போனபிறகு மொத்தமாக வாங்குவது முன்புபோல் சுலபமில்லைதான். பின்னேரம் கடை மூடுகிற நேரத்தில் கொஞ்சம் வாடிய கீரையை விலை குறைத்துத் தருவார்கள். அன்றிரவே சமைப்பதென்றால் அதில் ஒரு பிழையும் இல்லை.

உண்மையில் விலையைவிடப் பெரிய தடை நேரம் என்று நினைக்கிறேன். ஊரில் வளவுக்குள் நின்ற முருங்கையில் ஒரு கொப்பை முறித்து, விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டே இலை உருவுவார்கள். இங்கே நாலாம் மாடி பிளாட். ஆறு மணிக்கு வேலையால் வந்து, பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்பிவிட்டு நிற்கும் ஒரு பெண்ணிடம் கீரை ஆயச் சொல்வது எனக்கே சங்கடம். ஆகவே அவரோடு வந்து ஓரமாக இருந்து போன் பார்க்கும் கணவரிடம் அந்த வேலையை ஒப்படைப்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். மேலே சொன்ன அக்காவின் அவரோ கிரிக்கெட் பார்த்துக்கொண்டே முருங்கையிலை உருவப் பழகிவிட்டார். காம்பு நிறைய விழுகிறதாம், அக்காவுக்கு அதில் மட்டும் மனக்குறை.

சமையலைப் பற்றிக் கொஞ்சம். நறுக்கியபின் கழுவினால் விற்றமின் சீயும் போலேற் என்ற விற்றமினும் தண்ணீரோடு போய்விடும். முதலில் கழுவி, பிறகு நறுக்குங்கள். வல்லாரைச் சம்பல் போலப் பச்சையாகச் சாப்பிடுகிற இலையை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவவேண்டும். அரைகுறையாகக் கழுவினால் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் வரை போகலாம். வறையில் தேங்காய்ப்பூப் போடப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஒரு கைப்பிடி போடலாம். கீரையிலும் கரட்டிலும் இருக்கும் கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளக் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். கோப்பையில் மரக்கறியை முதலில் போட்டுவிட்டு மிச்ச இடத்தில் சோற்றைப் போட்டுப் பாருங்கள். என் நோயாளிகளிடம் வேறு எந்த அறிவுரையையும்விட இது எடுபட்டிருக்கிறது.

பழத்துக்கு வருகிறேன். நீரிழிவுக்காரர் பலர் பழத்தைப் பாம்பைக் கண்டதுபோல் தள்ளி வைப்பார்கள். அதே கை தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி போடும். 2013இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து குறைவாகவும், ஜூஸாகக் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. ஜூஸை வடிக்கும்போது நார் போய்விடுகிறது, இரண்டு மூன்று பழத்தின் சீனி ஒரே மடக்கில் இறங்குகிறது. போத்தல் பானங்களில் 2016 முதல் சீனி அளவைக் காட்ட நிறக்குறி இருக்கிறது. 100 மில்லி லீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. அதையும் பார்த்து வாங்குங்கள். சீனி உள்ளவர்கள் ஒரு தடவைக்குச் சின்னக் கதலி ஒன்று, அல்லது கொய்யா ஒன்று, அல்லது ஒரு துண்டு பப்பாப்பழம் சாப்பிடலாம். ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போகும்போது ஏன் அப்பிள்தான் வாங்கவேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கொய்யாவில் அதைவிடப் பல மடங்கு விற்றமின் சீ இருக்கிறது. காலிமுகத்திடலில் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி விற்கும் அன்னாசி எனக்கும் விருப்பம்தான். பிரஷர் உள்ளவர்கள் உப்பில்லாமல் கேட்டு வாங்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

இனி வருவதைக் கட்டாயம் வாசியுங்கள். சில வருடங்களுக்கு முன் பிரஷருக்கு மருந்து எடுத்துவந்த ஐயா ஒருவரிடம், எல்லாருக்கும் சொல்வதுபோல், கீரையும் பழமும் செவ்விளநீரும் கூட்டச் சொன்னேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அவருடைய கிரியேற்றினின் அறிக்கை பழையது; புதிதாக ஒன்று எடுப்பிக்காமல் சொன்னது என் தவறு. சிறுநீரகம் அதற்குள் நன்றாகத் தளர்ந்திருந்தது. மூன்று கிழமையில் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறி 6ஐத் தாண்டி, வாட்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. தப்பிவிட்டார். சிறுநீரக நோய் உள்ளவர்கள் எந்தக் காய், எவ்வளவு என்று கேட்டுத்தான் கூட்டவேண்டும். காமரங்காயை அவர்கள் தொடவே கூடாது. ஒரு பழமே விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று கொண்டுபோய்விடும். சுகமாக இருப்பவர்களும் சீனிக்கு, கொலஸ்ட்ரோலுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காமரங்காயையோ பிலிங்காயையோ சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். அதிலுள்ள ஒக்ஸலேற் சிறுநீரகத்தில் போய்ப் படியும். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வோபரின் குளிசை எடுப்பவர்கள் கீரையை விடத் தேவையில்லை. ஒரு கிழமை கட்டுக்கட்டாகவும் அடுத்த கிழமை ஒன்றுமில்லாமலும் சாப்பிட்டால்தான் மருந்தின் அளவு குழம்பும்.

35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் சீனி, பிரஷர், எடை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே போனாலும் என்னிடம் வந்தாலும், கடைசியாக எடுத்த இரத்த அறிக்கைகளைக் கையோடு கொண்டுவாருங்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "மரக்கறி" என்று மட்டும் சொல்லாமல் என்ன காய், எத்தனை கரண்டி என்று சொல்லுங்கள். சம்பலுக்குள் கிடந்த வெங்காயத்தையும் சேர்த்து.