பிட்யூட்டரி கட்டி: சளியிலிருந்து வந்த பெயர்

பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில் இருந்து ஹார்மோன்களைச் சுரக்கும் சிறு சுரப்பி. அந்தப் பெயரின் வேர் லத்தீனில் சளியைக் குறிக்கும் 'பிட்யூய்ட்டா'. மூளையில் ஊறும் சளி இந்தச் சுரப்பி வழியாக வடிந்துதான் மூக்குக்கு வருகிறது என்று பண்டைய மருத்துவர் கேலன் காலத்திலிருந்து நம்பி வந்தார்கள். 1543-ல் உடற்கூறு நூல் வெளியிட்ட வெசாலியசும் அதை நம்பியே, மூளையின் சளியை வாங்கும் சுரப்பி என்று எழுதினார். அப்புறம் 17ஆம் நூற்றாண்டில் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய மருத்துவர், மூக்குச் சளி மூக்கின் உட்சவ்விலேயே உண்டாகிறது என்று காட்டிவிட்டார். நம்பிக்கை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்னொரு பெயரான 'ஹைப்போஃபிசிஸ்' கிரேக்கம். அடியில் வளர்ந்தது என்று பொருள்.

தமிழில் சிலர் கபச் சுரப்பி என்கிறார்கள். அது பழைய தவற்றையும் சேர்த்தே மொழிபெயர்த்த சொல். மூளையடிச் சுரப்பி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் இந்த நோயில் பாதி விஷயம் அது இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

'டியூமர்' என்பதற்கு வீக்கம் என்றே பொருள், ஆகவே கட்டி என்று சொன்னால் போதும். இதைப் 'புற்று' என்று எழுதிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. இங்கே வருபவை பெரும்பாலும் அடினோமா, அதாவது சுரப்பித் திசுவில் எழும், உடலெங்கும் பரவாத கட்டி. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மைக்ரோ, அதற்கு மேல் மேக்ரோ.

பட்டாணி அளவுள்ள சுரப்பிக்கு நேர் மேலே இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்து அங்கே அழுத்தினால் முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேரே பார்ப்பது நன்றாகவே தெரியும், ஆனால் நடக்கும்போது தோள் கதவு நிலையில் இடிக்கும். மற்ற அறிகுறிகள் கட்டியால் எந்த ஹார்மோன் கூடுகிறது என்பதைப் பொறுத்தவை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் கூடினால் மாதவிடாய் தவறும், குழந்தை பெறாதவருக்கும் பால் சுரக்கலாம், ஆண்களுக்குப் பாலுறவு நாட்டம் குறையும். வளர்ச்சி ஹார்மோன் கூடினால் மோதிரம் இறுகும், செருப்பு அளவு ஏறும், தாடை முன்னே வரும், ஆனால் இவ்வளவும் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடப்பதால் கூட இருப்பவர்களுக்கே தெரியாது. அதனால்தான் மருத்துவர் பழைய போட்டோவைக் கேட்பார். இதற்கு அக்ரோமெகாலி என்று பெயர், 1886-ல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மாரி வைத்தது. உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் கார்ட்டிசால் கூடுவது குஷிங் நோய்: முகம் உருண்டு, வயிற்றில் ஊதா வரிகள் விழும். திடீரென்று தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வந்து பார்வையும் மங்கினால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கண்டுபிடிக்க ரத்தத்தில் ஹார்மோன் அளவுகள், எம்ஆர்ஐ, பார்வைப் புலச் சோதனை. புரோலாக்டின் கூடியிருந்தாலே கட்டி என்று முடிவுகட்டக் கூடாது. கர்ப்பம், தைராய்டு குறைவு, சில மனநல மருந்துகள் எல்லாமே அதை ஏற்றும்.

அறுவை என்றால் மண்டையைத் திறப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1907-ல் ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் மூக்கு வழியாகப் போய்க் காட்டினார், இன்று பெரும்பாலானவை எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் கொண்டு நாசித் துளை வழியாகவே நடக்கின்றன. அதற்குப் பின் குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் ஜலதோஷம் என்று துடைத்துவிட்டு இருக்காதீர்கள். மூளையைச் சூழ்ந்த தண்டுவட நீராக அது இருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புரோலாக்டின் கட்டிக்கு மட்டும் வழி வேறு. பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், கத்தி தேவைப்படாது. அறிகுறி தராத சிறு கட்டியை ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும். அறுவைக்குப் பின் கட்டி மிச்சம் மீதி இருந்தால் கதிர்வீச்சு. சுரப்பி நலிந்து கார்ட்டிசால் குறைந்துபோனவர்களுக்கு அதற்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தொடரும்; அதைத் தாமாக நிறுத்தவே கூடாது, காய்ச்சல் வந்தால் மருத்துவர் முன்பே சொல்லிக்கொடுத்தபடி அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.