இரத்தத்தைக் குறை சொல்லுமுன் காதைப் பாருங்கள்

சொந்தப் பிள்ளை கதைக்கப் பிந்தினால் "தகப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தவர்" என்று சிரித்துக்கொண்டு சொல்வோம். தத்தெடுத்த பிள்ளை பிந்தினால் மட்டும் அதே வீட்டில் குரல் தணியும்: "யார் பெத்ததோ, என்ன இரத்தமோ." திருகோணமலையில் பேச்சு சிகிச்சை அறையில் இருந்துகொண்டு இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

கடைசியாகச் சொன்னவர் ஓர் அப்பம்மா. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார். பிள்ளைக்கு 14 மாதம், எட்டாம் மாதத்தில் வீட்டுக்கு வந்தவள். நான் அவளுக்குப் பின்னால் நின்று கோப்பையில் கரண்டியை மெதுவாகத் தட்டினேன், திரும்பவில்லை. வெளியே யாரோ கதவை அடித்துச் சாத்த, திடுக்கிட்டாள். "பாருங்கோ, காது நல்லாக் கேக்குது" என்றார் அப்பம்மா. கதவுச் சத்தம் நிலத்தையே அதிரவைக்கும், அதை வைத்து முடிவு கட்ட ஏலாது. காதுப் பரிசோதனையில் இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் நீர் கட்டியிருந்தது. இதில் இரத்தம் எங்கே வந்தது?

சில பேச்சுக் குறைபாடுகள் குடும்பவழியில் வருவது உண்மைதான், திக்குவாய் அதில் ஒன்று. அது பெத்த பிள்ளைக்கும் வரும். ஆனால் எந்த மொழியும் இரத்தத்தில் வருவதில்லை. சிங்களம் கேட்டு வளர்ந்த ஒரு வயதுப் பிள்ளை தமிழ் வீட்டுக்கு வந்தால் கொஞ்சக் காலம் விழித்துக்கொண்டிருக்கும், பிறகு தமிழ் கதைக்கும். மொழி மாறியதால் மூளை குழம்பிவிடாது. நாக்கடியில் ஒட்டியிருக்கும் சவ்வை வெட்டிவிட்டால் கதைப்பானா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் திருந்தாமல் வரலாம், அதனால் ஒரு பிள்ளை சொல்லே இல்லாமல் இருக்காது.

குணத்துக்கும் இதே கதைதான். மனநல மருத்துவர்களான தோமஸும் செஸ்ஸும் 1956இல் நியூயோர்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வில் இலகுவாகப் பழகும் பிள்ளை, முரண்டு பிடிக்கும் பிள்ளை, மெதுவாகச் சேரும் பிள்ளை என்று பிரித்துக் காட்டினார்கள். கைக்குழந்தையிலேயே தெரியும் சுபாவம் அது. பெத்த பிள்ளை முரண்டு பிடித்தால் "கெட்டிக்காரன்", எடுத்த பிள்ளை பிடித்தால் "வந்த வழி" என்கிறீர்கள்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது "சரியான அமைதி, அழவே மாட்டாள்" என்ற பெருமை. நிறையப் பிள்ளைகளும் சில கைகளும் உள்ள சிறுவர் இல்லத்தில் அழுதால் ஆள் வரப் பிந்தும். சில பிள்ளைகள் அழுவதையே விட்டுவிடும். வீட்டுக்கு வந்து சில மாதங்களில் கத்தி, காலைக் கட்டிப்பிடித்து, சாமான் எறியத் தொடங்கினால் "குணம் மாறிட்டுது" என்று ஓடி வருகிறீர்கள். கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறது என்று பிள்ளை கண்டுபிடித்திருக்கிறது. போய்த் தூக்குங்கள்.

திருகோணமலைக் கோட்டை வாசலடியில் மானைக் கண்டு விரல் நீட்டி, உடனே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? சொல் வராவிட்டாலும் அது கதைதான். "ஓம், மான், இலை தின்னுது" என்று பதில் சொல்லுங்கள். அந்த நேரம் பார்த்துப் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போகாதீர்கள்!

தத்தெடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டியவை: எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, என்ன நிறை, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததா, மஞ்சள் காமாலை கடுமையா, மூளைக்காய்ச்சல் வந்ததா. கடைசி மூன்றும் காதைத் தாக்கக்கூடியவை. இரண்டு மாதம் முந்திப் பிறந்திருந்தால் முதல் பிறந்தநாளில் பத்து மாதப் பிள்ளையாகக் கணக்கெடுங்கள். பத்து மாதத்தில் "பாபா, தாதா" இல்லை, ஒரு வயதில் சுட்டிக் காட்டுவதில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேரவில்லை என்றால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். வந்த சொல் மறைந்தால் எந்த வயதானாலும் உடனே வாருங்கள்.

மாமிமார், அப்பம்மாமார், தயவுசெய்து அந்த இரத்தக் கதையைப் பிள்ளைக்கு முன்னால் கதைக்காதீர்கள். கதைக்க முதலே அவர்களுக்கு நிறைய விளங்கும். தாய்தகப்பன்மார் "புது வீடு, பழகட்டும்" என்று பொறுத்திருக்கலாம், ஆனால் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். பிறந்து ஓரிரு நாளிலேயே செய்யக்கூடிய சோதனை அது. பிள்ளை நித்திரையில் இருந்தால் இன்னும் வசதி.