பூனையின் பெயரால் விற்கப்படும் பதக்கம்

மண்டபம், கீழக்கரைப் பகுதிகளில் ‘குவாண்டம் சக்தி’ என்று அச்சிட்ட கறுப்புப் பதக்கங்களைப் பெற்றோர் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டால் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. உடன் வரும் துண்டறிக்கையில் ஒரு பூனைப் படமும், மனம் நினைத்தபடியே உலகம் அமையும் என்ற வாசகமும் இருக்கும். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய சில பதக்கங்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டறிந்த நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, அவற்றை அணிய வேண்டாம் என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. ஆகவே பிள்ளைகளின் கழுத்தில் இருந்தால் கழற்றிவிடுங்கள். ‘சக்தி ஏற்றுவதற்காக’ அதைக் குடிநீரில் போட்டுவைக்கும் வழக்கமும் வேண்டாம்.

இனி பூனை. அணு, எலக்ட்ரான் போன்ற நுண்பொருள்களை விளக்கும் குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களுள் ஒருவரான எர்வின் ஷ்ரோடிங்கர் 1935-இல் அதைக் கற்பனையாக ஓர் எஃகுப் பெட்டிக்குள் அடைத்தார். ஒரு மணி நேரத்தில் ஓர் அணு சிதைவதற்கும் எதுவுமே சிதையாதிருப்பதற்கும் சமவாய்ப்புள்ள அளவு கதிரியக்கப் பொருள் உள்ளே இருக்கும். சிதைந்தால், கதிரியக்கத்தை உணரும் கைகர் கருவி ஒரு சுத்தியலை விடுவித்து நச்சுக் குப்பியை உடைக்கும். அணுவுக்குரிய சமன்பாட்டை அப்படியே பெட்டி முழுவதற்கும் நீட்டினால், உயிரோடிருக்கும் பூனையும் இறந்த பூனையும் கலந்த ஒரு நிலைதான் விடையாக வரும். இது நகைப்புக்குரிய முடிவு என்று காட்டவே அவர் அதை எழுதினார். அதே ஆண்டில் ஐன்ஸ்டைன் அவருக்கு எழுதிய கடிதத்தில் வெடிமருந்தை வைத்து ஏறத்தாழ இதே வாதத்தைச் சொன்னார். வெடிமருந்துக்குப் பூனையின் புகழ் வாய்க்கவில்லை.

“நமக்குத் தெரியவில்லை என்பதைத்தானே சார் அப்படிச் சொல்கிறார்கள்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். இரவில் கடலுக்குப் போன வல்லம் பாம்பன் பக்கம் நிற்கிறதா, தொண்டிப் பக்கம் நிற்கிறதா என்பது கரையிலிருப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் அது ஏதோ ஓரிடத்தில்தான் நிற்கிறது. அந்தக் கலந்த நிலைக்கு மேற்பொருந்துதல் என்று பெயர். அது இந்த அறியாமை அன்று. 1989-இல் ஜப்பானில் அகிரா தோனோமுராவின் குழு, இரு பாதைகள் கொண்ட கருவிக்குள் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பியது. ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகவே விழுந்தது. புள்ளிகள் சேரச்சேரப் பொலிவும் கருமையுமான வரிகள் தெளிந்தன. ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றதன் பாதிப்பின்றி ஏதோ ஒரு பாதையில் மட்டும் போயிருந்தால், இரு பாதைகளின் எண்ணிக்கையையும் கூட்டிவிடலாம். அப்போது கருமை வரி தோன்ற வழியில்லை. ஒரு பாதை மட்டும் திறந்திருந்தால் எலக்ட்ரான் வந்து விழும் இடத்தில், இரண்டும் திறந்திருக்கும்போது அது ஏறக்குறைய விழுவதே இல்லை என்பதுதான் இங்கே உண்மையான வியப்பு.

மனம் பற்றிய வாசகத்துக்கும் ஒரு வேர் உண்டு. தமக்குப் பதிலாகச் சோதனையைப் பார்க்கும் நண்பர் ஒருவரைக் கற்பனை செய்த இயற்பியலாளர் யூஜின் விக்னர், கலந்த நிலையை முடிவுக்குக் கொண்டுவருவது பார்ப்பவரின் பிரக்ஞை என்று 1961-இல் வாதிட்டார். பின்னாளில் அவரே அதைக் கைவிட்டார். வியன்னாவில் 1999-இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளும் இத்தகைய வரிகளைக் காட்டின. 70 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளின் பாதையில் சிறிது வாயுவைப் புகுத்தியபோது வரிகள் மங்கின. மோதல்களே அதற்குப் போதுமாயிருந்தன, எவர் மனமும் தேவைப்படவில்லை. பூனையின் பெட்டியிலோ காற்று நிறைந்திருக்கிறது, உடல் வெப்பமும் இருக்கிறது. எனவே யாரும் திறப்பதற்கு வெகு முன்பே அத்தகைய வரிகளுக்கான வாய்ப்பு அழிந்துவிடுகிறது. அதன் பின்னரும் ஒரே ஒரு விளைவு மட்டும் நமக்குத் தென்படுவது ஏன் என்பதில் இயற்பியலாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.