காலை ஒன்பது மணி வயிற்றுவலி

“நடிக்கிறான் டாக்டர். கிளாஸ் முடிஞ்சதும் வலி போயிடுது” என்றார் அந்தத் தாய். ஒன்பது வயதுப் பையன் குனிந்தபடி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். ஆன்லைன் வகுப்பு தொடங்கிய இரண்டாம் மாதத்திலிருந்தே இப்படித்தான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் கோளாறு இல்லை.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். “மிஸ் திடீர்னு மைக் ஆன் பண்ணச் சொல்வாங்க. வீட்ல சண்டை போடுற சத்தம் கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க” என்றான். கேமராவின் மேல் காகிதத் துண்டு ஒட்டி வைத்திருப்பதையும் அப்போதுதான் சொன்னான்.

அவனுக்கு வலித்தது உண்மை. பயம் வந்தால் குடலின் அசைவே மாறிவிடும். பயந்த வேளை கடந்ததும் வலி அடங்கிவிடும். அதைப் பார்த்து நடிப்பு என்று நினைத்துவிடுகிறோம். (வாந்தி, எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் மட்டும் விஷயமே வேறு, உடனே காட்டுங்கள்.)

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது, “எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கலாம்?” என்பதுதான். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, அதனால் கண் எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்க்கட்டும். 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை வெளியே, பகல் வெளிச்சத்தில் செய்தால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறையும்.

சரி, நேரத்தைக் குறைத்தாயிற்று. பக்கத்துப் பெஞ்சில் “உனக்குப் புரிஞ்சுதாடா?” என்று கிசுகிசுக்க ஒருவன் இருந்தானே, அவன் எங்கே? இதைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். பின்னால் நின்று விடை எடுத்துக்கொடுக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் “என்ன நடத்தினாங்க?” என்பதற்கு முன்னால் “இன்னிக்கு யார்கூடப் பேசின?” என்று கேளுங்கள். “யார்கூடவும் இல்ல” என்ற பதிலே தொடர்ந்தாலோ, பிடித்த விளையாட்டையும் தூக்கத்தையும் விட்டாலோ டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இவனுடைய ஆசிரியையிடம் அம்மா பேசினார். இப்போது விடையை அவன் எழுதி அனுப்பினாலே போதும். மாலையில் ஒரு நண்பனோடு வீடியோ அழைப்பில் வீட்டுப்பாடம். சண்டையைப் பற்றிப் பெற்றோர் இருவரிடமும் தனியாகப் பேசினேன். மூன்று வாரத்தில் வலி வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது. காகிதம் இன்னும் கேமராவில்தான் இருக்கிறது. அவனாக எடுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.